ராட்கிளிஃபின் தாள்கள்: புத்தகம் இருக்கும்போது பெட்டியை ஏன் திறக்க வேண்டும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி: ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியைப் பற்றி எழுதிய ஓர் இயற்கைப் பாதுகாவலரின் சொந்தத் தாள்கள் நூலகத்தில் பெட்டி பெட்டியாக இருக்கின்றனவாம். அவர் எழுதிய புத்தகமே கையில் கிடைக்கும்போது பழைய கடிதத்திலும் நோட்டிலும் அப்படி என்ன இருந்துவிடப் போகிறது, பார்ப்பதென்றால் எங்கிருந்து தொடங்குவது?

ரகசியம் எதுவும் கிடைக்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரிடம் முதலில் கேட்கப்பட்ட கேள்வி என்ன என்பது கிடைக்கும். புத்தகம் முழுக்கப் பதில்தான். யார், எந்தத் தேதியில், எதை எதிர்பார்த்து அந்த ஆளை அந்தப் பாலைவெளிக்கு அனுப்பினார்கள் என்பது தாள்களில்தான் கிடக்கும். பொதுவாகப் பேசினால் இது சப்பென்று போய்விடும் என்பதால் ஓர் ஆளை எடுத்துக்கொள்கிறேன்: பிரான்சிஸ் ராட்கிளிஃப். கையெழுத்துப் பிரதிகளை அட்டவணைப்படுத்தும் வேலையில் பல வருஷம் இருந்தவன் நான், கான்பெராவில் கொஞ்ச காலம் வசித்தபோது அந்த ஊரின் வாசிப்பறைகளில் பழகியவன், அதனால் கொஞ்சம் தொழில்முறைப் பேச்சும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரான்சிஸ் நோபிள் ராட்கிளிஃப் 1904-ல் பிறந்தது கல்கத்தாவில். அப்பா எஸ். கே. ராட்கிளிஃப் அங்கே ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் ஆசிரியப் பொறுப்பில் இருந்தவர், சகோதரி நிவேதிதையின் நண்பர். ஆமாம், நம் பாரதியார் குருவாக ஏற்று 1908-ல் ஸ்வதேச கீதங்களைக் காணிக்கையாக்கினாரே, அதே நிவேதிதைதான். இதற்கும் நாம் பேசப்போகும் வௌவாலுக்கும் மணலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, தெரிந்துகொண்டு சொல்லாமல் போக மனம் வரவில்லை. மகன் ஆக்ஸ்ஃபோர்டில் விலங்கியல் படித்தார், உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லியின் பார்வையில் வளர்ந்தார், 1929-ல் இருபத்தைந்து வயதில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். கூப்பிட்டது சி.எஸ்.ஐ.ஆர். நம்ம ஊர் சி.எஸ்.ஐ.ஆர். என்று நினைத்துவிடாதீர்கள், நம்முடையது 1942-ல் வந்தது. இது 1926-ல் தொடங்கிய ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சிக் குழு, பின்னால் 1949-ல் இன்னொரு எழுத்தைச் சேர்த்துக்கொண்டு சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆனது.

அவரிடம் கேட்ட முதல் கேள்வி எளிமையானது. கிழக்குக் கரையில் பழத்தோட்டக்காரர்களுக்குப் பழந்தின்னி வௌவால் தொல்லை தாங்கவில்லை, இதை ஒழிக்க வழி சொல்லுங்கள். அவ்வளவுதான். நம் ஊர் ஆலமரத்தில் தலைகீழாகத் தொங்குகிறதே, அதற்கு நெருங்கிய சொந்தம்; அங்கே பறக்கும் நரி என்பார்கள். ராட்கிளிஃப் இரண்டு வருஷத்துக்கும் மேலாகக் குயின்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் அவை கூட்டமாகத் தங்கும் காடுகளையும் அலையாத்திச் சதுப்புகளையும் தேடித் தேடிப் போனார். 1931-ல் வந்த அவருடைய அறிக்கை சொன்னது என்னவென்றால், இந்த வௌவாலுக்கு முதன்மையான சாப்பாடு காட்டு மரங்களின், குறிப்பாக யூகலிப்டஸின், பூக்கள். பூ தவறிப்போகும் பருவத்தில்தான் தோட்டத்துக்கு வருகிறது. மொத்தமாகக் கணக்குப் பார்த்தால் அது செய்யும் சேதம், அதை ஒழிக்கச் செலவு செய்யும் அளவுக்குப் பெரிதில்லை. ஒழிக்க வழி கேட்டவர்களுக்கு, ஒழிக்க வேண்டியதில்லை என்று பதில் போனது. எத்தனை பேருக்கு அது பிடித்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அன்று ஒழிக்கப் பார்த்த நான்கு இனங்களில் ஒன்றான சாம்பல்தலை வௌவால் இன்று அழியும் ஆபத்துள்ள பட்டியலில் இருக்கிறது.

பிறகு கொஞ்ச காலம் ஸ்காட்லாந்தில் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தப் போனார். 1935-ல் மறுபடியும் அழைப்பு. இந்தமுறை மணல்.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும், ஏனென்றால் இந்த ஆளின் முழு வாழ்க்கையும் இந்த மணலில்தான் திரும்புகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில், ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரைத் தாண்டி உள்ளே போனால், ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழையைக்கூடத் தொடாத இடங்கள் வரும். சென்னையில் சராசரியாக 1,400 பெய்கிறது என்பதை வைத்துப் பாருங்கள். அங்கே ஸ்டேஷன் என்றால் ரயில் நிற்கும் இடமில்லை, ஒரு தாலுகா அளவுக்கு விரியும் மேய்ச்சல் பண்ணை. அந்தப் பண்ணைகளின் மண் காற்றில் எழும்பிப் போய்க்கொண்டிருந்தது. இதை எப்படி நிறுத்துவது, எங்கே என்ன செடி நட்டால் மணல் நிற்கும் என்பதுதான் அரசாங்கத்தின் எதிர்பார்ப்பு.

அந்த ஊர் வேலி ஒன்றைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் விஷயம் முழுக்கப் புரிந்துவிடும். கம்பி வேலி, ஆள் நெஞ்சளவு உயரம். காற்று அடிக்கும்போது காய்ந்து வேரோடு பிடுங்கிக்கொண்ட உருளைச் செடி, அங்கே ரோலி-போலி என்பார்கள், பந்து மாதிரி உருண்டு வந்து கம்பியில் சிக்குகிறது. ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து வேலியே ஒரு தட்டியாகிவிடுகிறது. தட்டியானதும் பறந்து வரும் மணல் அதில் தங்குகிறது. மணல் மேடு வேலியின் தலைக்கு வந்துவிட்டால் ஆடு மேட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போய்விடும். பண்ணைக்காரர் என்ன செய்வார்? பழைய வேலியின் தலைமேல் புதுக்கம்பம் நட்டு இன்னொரு வேலி கட்டுவார். சில வருஷத்தில் அதுவும் மூடும். சில இடங்களில் மூன்றாவது வேலியும் உண்டு.

சரி, மண் ஏன் எழும்புகிறது? சால்ட்புஷ் என்கிற ஒரு சாம்பல் நிறக் குத்துச்செடி, முழங்கால் உயரம், பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். மழை பெய்த வருஷத்தில் புல் முளைத்துக் காய்ந்து காணாமல் போகும், ஆனால் இந்தச் செடி பல வருஷம் நிற்கும். வறட்சியில் ஆட்டுக்கு மிஞ்சுவது இதுதான். மண்ணைப் பிடித்து வைத்திருப்பதும் இதுதான். ஆகவே வறட்சியில் ஆட்டைக் காப்பாற்ற இதை மேயவிட்டால், நாலைந்து வருஷ வறட்சிக்குப் பிறகு செடி போய்விடும். செடி போனால் மண் போகும். செடியையும் காப்பாற்ற வேண்டுமென்றால் மந்தை மிகச் சிறியதாக இருக்க வேண்டும். அவ்வளவு சிறிய மந்தையை வைத்துக்கொண்டு நல்ல வருஷத்தில்கூட ஒரு குடும்பம் கடன்கட்டிப் பிழைக்க முடியாது. வறட்சியோ அங்கே விபத்தில்லை, வழக்கம். முயல் வேறு புதுக்கன்றுகளைத் தின்றுகொண்டிருந்தது. ராட்கிளிஃப் பிடித்தது இந்த முடிச்சைத்தான். நடவேண்டிய செடி எது என்று கேட்டார்கள். ஓரிடத்தில் வீடு கட்டி, எல்லை போட்டு, வருஷா வருஷம் ஒரே மந்தையை அதே நிலத்தில் வைத்திருப்பது ஐரோப்பிய மழைக்கு ஏற்ற பழக்கம், இங்கே அது தன்னைத்தானே தின்றுவிடும், உட்பகுதியில் மேய்ச்சல் குடியிருப்பையே திட்டமிட்டுக் குறைக்க வேண்டும் என்ற இடத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். நாட்டின் உட்பகுதியை ஆள் வைத்து நிரப்புவதுதான் தேசபக்தி என்று பேசிக்கொண்டிருந்த 1930-களில்!

இதைச் சொன்ன முதல் ஆள் அவரில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். 1865-லேயே ஜார்ஜ் கோய்டர் என்ற நில அளவைத் தலைவர் வரைபடத்தில் ஒரு கோடு போட்டு, இதற்கு வடக்கே பயிர் வைக்காதீர்கள் என்றார். 1870-களில் நாலைந்து வருஷம் நல்ல மழை, கோட்டைத் தாண்டிப் போய்க் கோதுமை விதைத்தார்கள். 1880-களில் வறட்சி வந்து வீட்டை விட்டுவிட்டுத் திரும்பினார்கள், கல்சுவர் மட்டும் இன்னும் நிற்கிறது. 1925-ல் அடிலெய்டு பல்கலைக்கழகத்துக்காகத் தாவரவியலாளர் ஆஸ்பார்ன், கூனமோர் என்ற பண்ணையில் மேய்ந்து தீர்ந்த 390 ஹெக்டேருக்கு வேலி போட்டு, ஆட்டை வெளியே நிறுத்திவிட்டு, செடி திரும்பி வருகிறதா என்று எண்ணத் தொடங்கியிருந்தார். இன்றைக்கும் அங்கே எண்ணுகிறார்கள். ஆடு வெளியே போனாலும் முயல் பல பத்தாண்டுகள் உள்ளேயே இருந்தது என்பது அதன் தனிச் சோகம்.

இப்போது தாள்களுக்கு வருகிறேன். அதே பயணத்தை ராட்கிளிஃப் குறைந்தது இரண்டு முறை அச்சில் எழுதினார். 1936-லும் 1937-லும் சி.எஸ்.ஐ.ஆர். வெளியிட்ட இரண்டு சிறு அறிக்கைகள், ஒன்று தெற்கு ஆஸ்திரேலியா பற்றி, மற்றொன்று தென்மேற்குக் குயின்ஸ்லாந்து பற்றி. பிறகு 1938-ல் லண்டனில் வந்த ஃபிளையிங் ஃபாக்ஸ் அண்ட் டிரிஃப்டிங் சாண்ட் (பறக்கும் நரியும் அலையும் மணலும்) என்ற புத்தகம், ஹக்ஸ்லியின் முன்னுரையோடு. அறிக்கையில் செடியின் லத்தீன் பெயரும் மண்ணின் தன்மையும் இருக்கும். தூசி தின்றதும், கார் புதைந்ததும், பண்ணைக்கார வீட்டுத் திண்ணைப் பேச்சும் புத்தகத்தில் இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் நடுவில் ஒரு இடைவெளி தெரியும். பயணத்தில் இருந்த மனிதர், அன்றைக்கு ராத்திரி என்ன நினைத்தார், எப்போது மனம் மாறினார், போகும்போதே இந்த முடிவு இருந்ததா இல்லை திரும்பும்போது வந்ததா? இந்தக் கேள்விகளுக்கு அச்சில் பதில் தேடி பிரயோஜனமில்லை. கடிதம், களக்குறிப்பு, கையெழுத்துப் பிரதியில் அடித்துத் திருத்திய வரி, இவற்றைத்தான் நம்ப வேண்டும்.

ராட்கிளிஃபின் சொந்தத் தாள்கள் கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் கையெழுத்துப் பிரிவில் இருக்கின்றன. ஆனால் இங்கேதான் புதிதாக வருபவர்கள் தடுமாறுவார்கள். ஒருவரின் தாள்கள் என்றால் அவர் எழுதியவை என்று நினைத்துக்கொள்வோம். நிஜத்தில் அதில் பெரும்பங்கு மற்றவர்கள் அவருக்கு எழுதியவை! அவர் எழுதிய கடிதம் தபாலில் போய்விட்டது, பெற்றவரின் வீட்டில், பெற்றவரின் பெட்டியில் இருக்கிறது. ஹக்ஸ்லியின் தாள்கள் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து ரைஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன, ஆகவே ராட்கிளிஃப் தன் ஆசிரியருக்கு என்ன எழுதினார் என்று தேட வேண்டிய இடம் டெக்சாஸ். பின்னாளில் அவரோடு சேர்ந்து எழுதிய வைரஸ் ஆய்வாளர் ஃபிராங்க் ஃபென்னரின் தாள்கள் கான்பெராவிலேயே, ஆனால் அறிவியல் அகாதமியின் பாசர் நூலகத்தில். அரசாங்க வேலையாக எழுதியது எதுவோ அது அரசின் சொத்து, தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகும். ஒரே மனிதர், ஒரே ஊரில் மூன்று கட்டடம், போதாததற்குக் கடல் தாண்டி இன்னொன்று. காலையில் ஒரு வாசிப்பறையில் பதிலைப் படித்துவிட்டு, மத்தியானம் இன்னொன்றில் அதன் கேள்வியைத் தேடுகிற பிழைப்புதான் இது.

டைப்ரைட்டர் காலத்து மனிதர்கள் என்றால் ஒரு ஆறுதல், கார்பன் காப்பி. மெல்லிசான, வெங்காயத் தோல் போன்ற தாள், எழுத்து விளிம்பெல்லாம் மங்கலாக. தானே அடித்தாலும் குமாஸ்தா அடித்தாலும் ஒரு காப்பி வீட்டிலோ ஆபீஸிலோ தங்கிவிடும். ஆனால் கார்பன் காப்பியை முழுக்க நம்பிவிடாதீர்கள், நான் ஒருமுறை நம்பி ஏமாந்தவன். (ராட்கிளிஃப் விஷயத்தில் இல்லை, வேறொருவரின் தாள்கள்.) காப்பியில் ரொம்ப மரியாதையான கடிதம், "தங்கள் யோசனையைப் பரிசீலிக்கிறேன்" என்கிற தினுசு. இரண்டு பேரும் சுமுகமாக இருந்தார்கள் என்று குறிப்பு எழுதி வைத்துவிட்டேன். ஒரு வருஷம் கழித்துப் பெற்றவரின் பெட்டியில் அசல் கிடைத்தது. டைப் அடித்துத் தாளை மெஷினிலிருந்து உருவிய பிறகு, கையெழுத்துப் போடும்போது, அடியில் பேனாவால் மூன்று வரி எழுதியிருக்கிறார். மொத்தச் சண்டையும் அந்த மூன்று வரியில்தான் இருந்தது. உருவிய பிறகு எழுதியது காப்பியில் எப்படி வரும்?

இன்னொன்று, துரு. பழைய தாள்களைக் குண்டூசியால் கோத்து வைத்திருப்பார்கள். நூலகத்துக்கு வந்ததும் எங்களைப் போன்றவர்கள் முதல் வேலையாக இரும்பை எல்லாம் எடுத்துவிடுவோம், இல்லாவிட்டால் தாளைத் தின்றுவிடும். ஆனால் தடம் போகாது. இடது மூலையில் இரண்டு பழுப்புப் புள்ளி, அடுத்த தாளிலும் அதே இடைவெளியில் இரண்டு புள்ளி என்றால், இந்தக் கடிதமும் இந்தப் பத்திரிகைத் துண்டும் ஒரு காலத்தில் சேர்ந்து இருந்தவை. அதை அனுப்பியவரோ வைத்திருந்தவரோ இரண்டையும் ஒரே விஷயமாக நினைத்திருக்கிறார். இதனால்தான் தாள்களை வந்த வரிசையிலேயே வைக்க வேண்டும் என்று நாங்கள் சண்டை போடுவோம். நல்ல மனசோடு குடும்பத்தார் தேதிவாரியாக அடுக்கிக் கொண்டுவந்து கொடுப்பார்கள் பாருங்கள், வயிறு எரியும்.

மீண்டும் ராட்கிளிஃப். 1937-லிருந்து கறையான் ஆராய்ச்சி, போர்க்காலத்தில் ராணுவத்துக்காகப் பூச்சியியல் வேலை, இவற்றைத் தாண்டிவிடுகிறேன், எனக்கே அதில் பெரிய சுவாரசியமில்லை. 1949-ல் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. காட்டுயிர் ஆய்வுப் பிரிவுக்குத் தலைவரானார், பெயர் காட்டுயிர் என்றிருந்தாலும் கையில் கொடுத்த வேலை முயல். சால்ட்புஷ் கன்றுகளை முயல் தின்றதை 1935-ல் பார்த்தவரிடமே முயலைத் தீர்க்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது. ஆயுதம் மிக்ஸோமா என்ற வைரஸ். 1950-ல் மர்ரே ஆற்றுப் பள்ளத்தாக்கில் விட்டுப் பார்த்தார்கள், பல மாதம் ஒன்றும் நடக்கவில்லை, தோல்வி என்று மூட்டைகட்டும் நிலைக்கு வந்தாயிற்று, அந்தச் சமயத்தில் கோடை தொடங்கி ஆற்றோரக் கொசு பெருகி, நோய் தீப்பிடித்த மாதிரிப் பரவியது. முதல் அலையில் சில இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் செத்தன. அதே நேரம் அந்த ஆற்றங்கரை ஊரான மில்டுரா பக்கம் மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்து, முயல் வைரஸ்தான் காரணம் என்று ஜனங்கள் பயந்தார்கள். பயத்தைத் தீர்க்க, பர்னெட் என்ற வைரஸ் ஆய்வாளர், ஃபென்னர், சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. தலைவர் க்ளூனிஸ் ராஸ் மூன்று பேரும் அந்த வைரஸைத் தங்களுக்கே ஊசி போட்டுக்கொண்டார்கள், ஒன்றும் ஆகவில்லை என்று 1951 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. இன்றைய நெறிமுறைக் குழு இதைக் கேட்டால் மயக்கம் போட்டுவிடும்.

சில வருஷத்திலேயே வைரஸ் மென்மையானது, முயலும் தாக்குப்பிடிக்கக் கற்றுக்கொண்டது. அந்தக் கதையை ஃபென்னரும் ராட்கிளிஃபும் சேர்ந்து 1965-ல் தடித்த புத்தகமாக எழுதினார்கள். அதற்குள், 1960-களின் தொடக்கத்தில், பிரிவின் தலைமை ராட்கிளிஃபிடமிருந்து ஹாரி ஃப்ரித்துக்குப் போயிருந்தது. இப்படிப்பட்ட திருப்பங்கள் அரசாங்கக் கோப்பில் இரண்டு வரியில் முடிந்துவிடும். சொந்தத் தாள்களில் அந்த வருஷத்து ஃபோல்டரை நான் அவசரப்படாமல் படிப்பேன், யாரிடமிருந்து கடிதம் வந்தது என்பதைவிட யாரிடமிருந்து நின்றது என்று பார்ப்பேன்.

கடைசிக் கட்டம் எல்லோருக்கும் தெரிந்தது. 1963-ல் எடின்பரோ கோமகன் பிலிப், உலகக் காட்டுயிர் நிதியத்துக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு கிளை வேண்டும் என்று கேட்டார். ராட்கிளிஃபும் நண்பர்களும் அதைத் திருப்பி, நாட்டுக்கென்றே ஓர் அமைப்பு வேண்டும் என்று 1964-65-ல் ஆஸ்திரேலியப் பாதுகாப்பு அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். முதல் தலைவர் தலைமை நீதிபதி கார்ஃபீல்ட் பார்விக், செயலாளர் வேலை ராட்கிளிஃப் தலையில். மறுபடியும் அதே பழக்கம்: கேட்டது ஒன்று, கொடுத்தது வேறு. 1970 டிசம்பரில் அவர் இறந்தார். 1973-ல் அந்த அறக்கட்டளை, டாஸ்மேனியாவின் பெடர் ஏரி அணைநீரில் மூழ்கிய கோபத்தில், தெருவில் இறங்கிப் போராடத் தயாரான ஆட்கள் கைக்குப் போனது. கோட்டு-டை காலத்து மிதவாதிகள் என்று பழையவர்களை அவர்கள் பார்த்தார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் 1938-லேயே ஒரு தேசத்தின் குடியேற்றக் கனவு தப்பு என்று அச்சில் எழுதியவரை மிதவாதி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியுமா? எனக்கு முடியவில்லை. ஒரே மனிதர் எழுத்தில் துணிச்சல்காரராகவும் கமிட்டி மேசையில் அடக்கமானவராகவும் இருந்திருக்கலாம், எந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார் என்பதைக் கடிதத் தலைப்பில் பார்த்துக்கொண்டே படிக்க வேண்டும்.

இந்தப் பெட்டிகளில் இல்லாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராட்கிளிஃப் போன பண்ணைகளில் ஆடு மாடு ஓட்டியவர்கள் பலர் பழங்குடி மக்கள். அங்கே சாமான் சுமந்த ஒட்டகங்களை ஓட்டியவர்கள், ஆப்கானியர் என்று மொத்தமாகப் பெயர் சூட்டப்பட்டு, பலுசிஸ்தானிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் போனவர்களும்தான். எல்லை போட்டு ஓரிடத்தில் இருப்பது இந்த மண்ணுக்கு ஒத்துவராது என்று 1930-களில் ஒரு விஞ்ஞானி கண்டுபிடித்ததை, மழை பெய்த இடத்துக்கு நகர்ந்து வாழ்ந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கார்பன் காப்பி வைத்துக்கொள்ளவில்லை. ஃபிளிண்டர்ஸ் மலையின் அத்னியமத்தனா மக்களின் நில உரிமையை நீதிமன்றம் ஏற்றது 2009-ல்தான். ஆகவே ராட்கிளிஃபின் தாள்களை அந்த நிலத்தின் வரலாறு என்று எடுத்துக்கொண்டால் பிழை. அந்த நிலத்துக்கு வந்துபோன ஒரு நேர்மையான ஆளின் வரலாறு என்று எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

அப்புறம் நடைமுறை. முதலில் வீட்டிலிருந்தே தேசிய நூலகத்தின் ட்ரோவ் இணையதளத்தைப் பாருங்கள், இலவசம். 1954 வரையிலான ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் ஏராளமாக அங்கே தேடும் வசதியோடு இருக்கின்றன. 1935, 1936-ல் ராட்கிளிஃப் எந்த ஊருக்கு வந்தார், என்ன பேசினார் என்று உள்ளூர்ப் பத்திரிகைகளில் துழாவினால் தேதி கிடைக்கும். தேதி கையில் இல்லாமல் பெட்டியைத் திறப்பது, முகவரி இல்லாமல் மதுரையில் ஆள் தேடுகிற மாதிரி. பிறகு தேசிய நூலகத்தின் தாள்பட்டியலைப் படியுங்கள், பெட்டி எண், ஃபோல்டர் எண், சில பெட்டிகளுக்கு அனுமதி வேண்டுமா என்பதெல்லாம் அதில் இருக்கும். நேரில் போக முடியாவிட்டால் கட்டணத்துக்கு நகல் எடுத்து அனுப்பும் சேவையும் உண்டு.

படிக்கலாம், ஆனால் அப்படியே எடுத்துப் பிரசுரிக்கலாமா என்றால், பொறுங்கள். ஆஸ்திரேலியாவில் 2018 முடியும்வரை, வெளியாகாத எழுத்துக்குக் காப்புரிமை முடிவே இல்லாமல் நீண்டது, இருநூறு வருஷத்துப் பாட்டியின் சமையல் குறிப்புக்குக்கூட. 2015-ல் நூலகர்கள் பழைய கையெழுத்துச் சமையல் குறிப்புகளைச் சமைத்துப் படம் போட்டு இதற்கு எதிராகப் போராடினார்கள், நான் பார்த்த போராட்டங்களிலேயே சுவையானது அதுதான். 2019 ஜனவரி 1 முதல் எழுதியவர் இறந்து 70 வருஷம் என்று மாற்றினார்கள். ராட்கிளிஃப் இறந்தது 1970 என்பதால் அவர் கடிதங்கள் 2040 முடியும்வரை அவருடைய வாரிசுகளுக்கு. அவருக்கு மற்றவர்கள் எழுதிய கடிதங்களுக்கு அந்தந்த ஆளின் சாவு வருஷத்தைத் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும், பெட்டி ஒன்றுதான், உரிமைக்காரர்கள் நூறு பேர்.

நேரில் போனால் முதல் நாளே பெட்டி ஒன்றிலிருந்து வரிசையாகக் கேட்காதீர்கள், சின்ன வயசு, சான்றிதழ், குடும்பப் படம் என்று பொழுது போய்விடும். 1935-ஐக் கேளுங்கள். அதிலும் முதலில் அவரை மணலுக்கு அனுப்பியபோது சி.எஸ்.ஐ.ஆர். எழுதிய உத்தரவையோ அதன் நகலையோ தேடுங்கள், அங்கே இல்லையென்றால் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிற ஆவணக் காப்பகத்தில் தேடுங்கள். அந்தத் தாளை நோட்டில் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்ட பிறகு மற்றதைத் திறக்கலாம். பேனா உள்ளே விடமாட்டார்கள், இரண்டு பென்சில் கொண்டுபோங்கள். ஒரு ஸ்வெட்டரும், எந்த மாதமானாலும்.